கோதமைக்கு யார் பதில் சொன்னார்?

மணிமேகலை என்றால் நம் மாணவர்களுக்குத் தெரிந்தவை மூன்று: மாதவி மகள், அமுதசுரபி, பசிப்பிணி. நாமும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். ஐம்பெருங்காப்பியங்களை ஒரே பாடவேளையில் முடிக்க வேண்டியிருக்கும்போது வேறு வழியும் இல்லை. ஆனால் அந்த நூலில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. இறந்தவர் எங்கே போகிறார், தெய்வத்தால் என்ன முடியும், மறுபிறவி உண்டா இல்லையா என்று நேராகவே கேட்கிற இடங்கள். ஒன்று 6ஆம் காதை, சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. இன்னொன்று 27ஆம் காதை, சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை. இந்த இரண்டையும் படிவம் நான்கு மாணவர்களோடு கூடுதல் வாசிப்பாகப் படித்தேன். அதில் எனக்குத் தோன்றியதைச் சக ஆசிரியர்களோடு பகிர்கிறேன். சாத்தனாரோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

முதலில் 6ஆம் காதை. புகார் நகரத்துச் சுடுகாட்டுக்குச் சக்கரவாளக் கோட்டம் என்று ஏன் பெயர் வந்தது என்று மணிமேகலா தெய்வம் சுதமதிக்குச் சொல்கிறது. சாத்தனார் அந்தச் சுடுகாட்டைக் காட்டுகிற விதமே தனி. எரிப்பவர்கள், அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர்கள், குழி தோண்டிப் புதைப்பவர்கள், பள்ளத்தில் அடைப்பவர்கள், தாழியால் கவிழ்த்து மூடுபவர்கள் என்று ஐந்து வகையினரும் ஒரே இடத்துக்கு வருகிறார்கள். நம் கிள்ளான் பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு சமயத்தாருக்கும் இடுகாடு தனித்தனி. புகாரில் எல்லாருக்கும் ஒரே மதில்.

அந்த இடத்துக்குள் சார்ங்கலன் என்ற சிறுவன் விவரம் தெரியாமல் நுழைந்துவிடுகிறான். பேய்மகள் ஒருத்தி தலை ஒன்றைக் கையில் ஏந்தி ஆடுவதைப் பார்த்துப் பயந்து, வீட்டுக்கு ஓடிப்போய்த் தாயிடம் சொல்லி உயிர்விடுகிறான். தாய் கோதமை. கணவனுக்குக் கண் தெரியாது. பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டு வாசலுக்கு வந்து, காவல் தெய்வமான சம்பாபதியைக் கூப்பிடுகிறாள். யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாத பிள்ளையை ஏன் எடுத்தாய் என்று கேட்கிறாள்.

சம்பாபதி வருகிறாள். வந்து சொல்வது எல்லாம் சரியான பதில்கள். பேயோ அணங்கோ உயிரை எடுப்பதில்லை. பிள்ளையின் அறியாமையைச் சாக்காக வைத்து அவன் வினைதான் உயிரைக் கொண்டுபோயிற்று. கோதமை விடவில்லை. என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைத் தா, கண் தெரியாத என் கணவனை இவன் பார்த்துக்கொள்வான் என்கிறாள். போன உயிர் வினையின் வழியே வேறு பிறப்புக்குப் போய்விடும், அதில் ஐயம் இல்லை. உயிருக்கு உயிர் கொடுக்க முடியுமானால் அரசர்களுக்காக உயிர் கொடுக்க எத்தனை பேர் இருந்திருப்பார்கள், இங்கே அரசர்களின் சமாதிகள் இருப்பதைப் பார்க்கவில்லையா என்கிறது தெய்வம். நல்ல வாதம்தான். அதற்கும் கோதமை மசியவில்லை. தேவர்கள் வரம் தருவார்கள் என்று மறை நூல் சொல்கிறதே, நீ பெரிய தெய்வம், தராவிட்டால் நானும் உயிரை விடுவேன் என்கிறாள்.

அப்போது சம்பாபதி செய்வது எனக்கு எத்தனை முறை படித்தாலும் வியப்பு. சக்கரவாளத்தில் உள்ள தேவர்கள் அத்தனை பேரையும் வரவழைக்கிறாள். இவளுடைய துயரத்தைத் தீர்க்க உங்களில் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிறாள். எல்லாரும் வந்து நின்று, சம்பாபதி சொன்னதையே சொல்கிறார்கள். முடியாது.

உலக இலக்கியங்களில் கடவுளிடம் சண்டை போடுகிறவர்கள் உண்டு. யூதர்களின் மறையில் யோபு இருக்கிறார். ஆனால் யோபுவுக்குக் கடவுள் புயலுக்குள்ளிருந்து பேசித் தன் வல்லமையைக் காட்டுகிறார். இங்கே தேவர்கள் வந்து தங்கள் வல்லமை எதுவரை என்று காட்டுகிறார்கள். இது பௌத்தக் காப்பியம், தேவர்களும் வினைக்கு உட்பட்டவர்கள் என்பது அந்தச் சமயத்தின் கொள்கை, அதை நிறுவத்தான் சாத்தனார் இந்தக் கதையை வைத்தார் என்பதெல்லாம் தெரிந்ததே. ஆனால் கொள்கையை நிறுவ சம்பாபதியின் முதல் பதிலே போதுமே. அந்தத் தாயை மூன்று முறை மறுத்துப் பேச விட்டது ஏன்? சரியான பதில் முதல் தடவை சொன்னதும் ஒரு தாயின் மனசில் இறங்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் புலனக் குழுக்களில் சுற்றி வரும் குறிப்புகளில் இந்தக் காதைக்கு எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "கருப்பொருள்: யாக்கை நிலையாமை. படிப்பினை: இறப்பை ஏற்கும் மனப்பக்குவம்." அவ்வளவுதான். குற்றம் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் அதே வரிகளை நானும்தான் தட்டச்சு செய்து அனுப்பினேன்.

2021 ஆகஸ்டில் என் அப்பா இறந்தார். அந்த மாதங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் எப்படி இருந்தன என்று இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. உடல் வீட்டுக்கு வரவில்லை. குளிப்பாட்டவில்லை. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கவில்லை. மின்சுடலையில் நின்றது நாலைந்து பேர், அதுவும் தள்ளி. பதினாறாம் நாள் காரியத்தைப் பண்டாரம் கைத்தொலைபேசியில் காணொளி வழியாகச் சொல்லச் சொல்ல, தம்பி வாசலில் உட்கார்ந்து செய்தான். இரண்டு தடவை இணையம் துண்டித்துப்போனது. அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டு வந்த பிறகும் அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "வாய்க்கு ஒரு பிடி அரிசி போடலியே. மனுஷன் எந்த வழியில போயிருப்பாரு?"

எனக்கு மறுபிறவியில் நம்பிக்கை இருந்ததா? தேர்வுத் தாளில் எழுதுகிற அளவுக்கு இருந்தது. அம்மாவிடம் சொல்கிற அளவுக்கு இல்லை. வினை, ஆன்மா, சடங்கு வெறும் அடையாளம் என்று நான் ஆரம்பித்தபோது, "ஒன் பாடத்தை ஸ்கூல்ல நடத்து" என்று சொல்லிவிட்டார். அப்போது எனக்குக் கோதமை ஞாபகம் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து, இந்தக் காதையை வகுப்புக்குத் தயார் செய்யும்போதுதான், அன்றைக்கு நான் சம்பாபதி மாதிரி பேசியிருக்கிறேன் என்று புரிந்தது. அதுவும் தேவர்களை வரவழைக்கிற பொறுமை இல்லாத சம்பாபதி.

பௌத்த மரபில் இன்னொரு கோதமி இருக்கிறாள், கிசா கோதமி. அவளும் இறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். புத்தர், சாவே நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்று அனுப்புகிறார். வீடு வீடாகப் போகிறாள். எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் இறந்திருக்கிறார். கடுகு கிடைக்கவில்லை, அழுகை அடங்குகிறது, துறவியாகிறாள். பிரிக்பீல்ட்ஸ் மகா விகாரையில் வெசாக் நாளன்று கூட்டத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும். (அந்த விகாரை இருக்கும் தெருவின் பெயர் ஜாலான் பெர்ஹாலா. மலாயில் பெர்ஹாலா என்றால் விக்கிரகம். கொஞ்ச தூரத்தில் ஸ்காட் சாலையில் ஸ்ரீ கந்தசுவாமி கோயில், அந்தப் பக்கம் லூத்தரன் தேவாலயம். 27ஆம் காதையின் சமயக் கணக்கர்கள் எல்லாரும் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறார்கள்.)

இரண்டு கோதமிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருத்தியைப் புத்தர் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அனுப்புகிறார். இன்னொருத்திக்குச் சம்பாபதி தேவர்களைக் கூட்டி வருகிறாள். மனிதர்களிடம் போனவள் பிழைத்துக்கொண்டாள். தேவர்களிடம் கேட்டவள் பிழைக்கவில்லை. கோதமையின் கொடுந்துயர் நீங்கியது என்கிறார் சாத்தனார். அதே மூச்சில், மகனைச் சுடலையில் இட்டுவிட்டு அவளும் இறந்தாள் என்கிறார். துயரம் நீங்கியவள் ஏன் இறக்க வேண்டும்? உரைகள் இதை எளிதாகக் கடந்துவிடுகின்றன. எனக்கு இந்த இடம்தான் காதையின் உயிர். கொள்கைப்படி அவள் தெளிவடைந்தாக வேண்டும், அதனால் தெளிந்தாள் என்று எழுதிவிட்டார். ஆனால் கவிஞருக்கு அவள் பிழைத்திருப்பாள் என்று நம்ப முடியவில்லை. 2021இல் எங்களுக்குக் கடுகு கேட்டுப் போகவும் வழியில்லாமல் இருந்தது. எந்த வீட்டுக் கதவையும் தட்டக் கூடாத காலம். அம்மாவுக்கு அதுதான் பெரிய குறை என்று இப்போது நினைக்கிறேன், வாய்க்கரிசியைவிட.

கதை கேட்ட சுதமதி தூங்கிவிடுகிறாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த காதையின் பெயரே துயிலெழுப்பிய காதை. கடைசிப் பாடவேளையில் நடத்துகிறவர்களுக்கு இது ஓர் ஆறுதல்.

இனி 27ஆம் காதை. இங்கேதான் எனக்குச் சாத்தனாரோடு சண்டை.

வஞ்சி நகரத்தில் மணிமேகலை தவசி வேடத்தில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டவாதி என்று வரிசை போகிறது. கடைசியில் பூதவாதி. கண்ணால் கண்டதே உண்மை என்பவன். சில பொருள்கள் ஒன்றாகச் சேரும்போது கள்ளில் வெறி பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது. பூதங்கள் பிரியும்போது, பறையின் ஓசை அடங்குவதுபோல உணர்வும் போய்விடும். இன்பமும் துன்பமும் இந்தப் பிறப்போடு சரி, மறுபிறப்பு என்பது பொய் என்கிறான்.

இதை எழுதியவர் மறுபிறப்பை முழுக்க நம்பியவர் என்பதை மறக்கக் கூடாது. இருந்தும் எதிர்க்கட்சியின் வாதத்தை இவ்வளவு அழகான உவமைகளோடு எழுதிக் கொடுத்திருக்கிறார். கடவுள் மறுப்பும் மறுமை மறுப்பும் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தவை என்று நினைக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் பெரியவர்கள் 1929இல் பெரியார் மலாயாவுக்கு வந்ததிலிருந்து கணக்கெடுப்பார்கள். இல்லை. நம் காப்பியத்திலேயே ஒருவன் எழுந்து நின்று பேசியிருக்கிறான், அவனைப் பேச விட்டிருக்கிறார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு நடப்பது? மணிமேகலை சிரிக்கிறாள். முற்பிறப்பை அறிந்தவர்களும் இருக்கிறார்களே என்று சிரிக்கிறாள். மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டு, தான் முற்பிறவியில் இலக்குமி என்பதும் கணவன் இராகுலன் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சரி, அவளுக்குத் தெரியும். பூதவாதிக்கு அந்தப் பீடிகை கிடைக்கவில்லையே. நமக்கும்தான் கிடைக்கவில்லை. தெய்வ மயக்கத்திலும் கனவிலும் மனம் மாறிக் காண்பதெல்லாம் ஐயத்துக்குரியது என்று அவன் திருப்பிச் சொல்கிறான். நியாயமான பதில். அதற்கு அவள் கேட்கிற கேள்விதான் இந்தக் காதையின் கூர்மையான இடம்: உன் தாய் தந்தை இவர்கள்தான் என்று அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்?

வகுப்பில் இந்த இடத்தில் நிறுத்தி, பூதவாதி என்ன பதில் சொல்லலாம் என்று கேட்டேன். பின் வரிசையிலிருந்து ஒருவன், "டி.என்.ஏ டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டேன்னு சொல்லலாம் டீச்சர்" என்றான். சிரிப்பு அடங்கியதும், அந்தப் பரிசோதனையில் நீ கண்ணால் பார்த்தது என்ன, ஒரு தாள்தானே, அதிலிருந்து நீ முடிவுக்கு வந்தது அனுமானம் இல்லையா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து ஒத்துக்கொண்டான். ஆகப் பூதவாதியின் முதல் கொள்கை, காட்சி மட்டுமே அளவை என்பது, அங்கே உடைந்துவிட்டது. மணிமேகலைக்கு வெற்றிதான். ஆனால் முன் வரிசையில் ஒரு மாணவி விடவில்லை. "அனுமானம் வேணும்னு ஒத்துக்கிட்டா அப்பா அப்பாதான்னு தெரியும். அடுத்த பிறவி இருக்குன்னு எப்படித் தெரியும் டீச்சர்?"

அவள் சொன்னது சரி. சாத்தனார் பூதவாதியின் கருவியை உடைத்தார். அவன் சந்தேகத்துக்குப் பதில் சொல்லவில்லை. பிறகு 29ஆம் காதையில் அறவண அடிகள் அளவை இலக்கணத்தை விரிவாகச் சொல்லிக் கொடுக்கிறார் என்பது உண்மை. ஆனால் அதைக் கேட்கப் பூதவாதி அங்கே இல்லை. அவன் வஞ்சியிலேயே, சிரிப்பை வாங்கிக்கொண்டு நின்றுவிட்டான். கோதமைக்கு மூன்று முறை வாய்ப்புக் கொடுத்த கவிஞர், பூதவாதிக்கு ஒரு முறைதான் கொடுத்தார். அழுகிறவளுக்குத் தேவர்களையே கூட்டி வந்தவர், வாதாடுகிறவனைச் சிரித்து அனுப்பிவிட்டார். 6ஆம் காதையைப் படித்துவிட்டு 27ஆம் காதைக்கு வந்தால் இந்தக் குறை நன்றாகவே தெரிகிறது. சந்தேகம் வேறு, துக்கம் வேறு என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்கு அப்படிப் பிரிக்கத் தெரியவில்லை. மறுபிறவி பொய் என்கிறவன் வீட்டில் யார் இறந்தார்கள் என்று யாராவது கேட்டார்களா?

இந்த இடத்தில் புதுமைப்பித்தனின் "காலனும் கிழவியும்" சிறுகதையைச் சேர்த்துப் படித்தால் வகுப்பு உயிர்பெறும். எமன் ஒரு கிழவியின் உயிரை எடுக்க வருகிறான். கிழவி அவனுக்குப் பயப்படுவதில்லை. அவனையே வேலை வாங்குகிறாள். உயிரைத்தானே உன்னால் எடுக்க முடியும், இருந்த ஒன்றை இல்லாமல் ஆக்க உன்னால் முடியுமா என்கிற மாதிரி கேட்கிறாள். எமன் தோற்றுத் திரும்புகிறான். மறுமையைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. கோதமை கெஞ்சிய தெய்வ வாசலில் இந்தக் கிழவி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாணவர்கள் கற்பனை செய்ய நல்ல இடம். "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" இன்னும் பிரபலம். ஆனால் அதில் சென்னைத் தெருவும் காப்பிக் கடையும் கிண்டலும் முன்னால் வந்துவிடுகின்றன. சாவு என்ற பொருளுக்கு முதலாவது கதையே பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு சந்தேகம் சில ஆசிரியர்களுக்கு வரும். எனக்கும் வந்தது. சபைகூடலில் தேசியக் கோட்பாட்டின் முதல் கோட்பாடாக இறைநம்பிக்கையைச் சொல்லிவிட்டு வருகிற பிள்ளைகளிடம் பூதவாதியைக் கொண்டுபோய் நிறுத்தலாமா? பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது? என் அனுபவத்தில் ஒரு பெற்றோரும் கேட்கவில்லை. கேட்டது சக ஆசிரியர் ஒருவர்தான். "பிள்ளைங்க மனசுல எதுக்கு இதெல்லாம் போடுறீங்க?" என்றார். நான் எதுவும் போடவில்லை. அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது. 2021இல் ஆரம்பப்பள்ளியில் இருந்த பிள்ளைகள்தானே இன்று நம் இடைநிலைப்பள்ளி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேள்வி கேட்கத் தெரிந்த வயதில், கேட்க ஆள் இல்லாமல் இருந்தவர்கள். நம்பிக்கை உள்ள வீட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளை, மணிமேகலை பக்கம் நின்று மிக நன்றாக வாதாடினாள் என்பதையும் சொல்ல வேண்டும். அவளுடைய வாதம் சாத்தனாருடையதைவிட நீளமாகவும் பொறுமையாகவும் இருந்தது. பூதவாதியை அவள் ஒரு தடவைகூடக் கிண்டல் செய்யவில்லை.

உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி என்று நாம் எதை எதையோ தயாரிக்கிறோம். இந்தக் காதைக்கு நான் கொடுத்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். கோதமை திரும்பி வரவில்லை. கண் தெரியாத கணவன் வீட்டில் காத்திருக்கிறான். சாத்தனார் அவனை அப்படியே விட்டுவிட்டார். அவனிடம் யார் போக வேண்டும், போய் என்ன சொல்ல வேண்டும்?

பாதிப் பேர் வினை, நிலையாமை என்று எழுதியிருந்தார்கள். பாவம், நான் பழக்கிய பழக்கம். சிலர் மணிமேகலையை அமுதசுரபியோடு அனுப்பினார்கள், அதுவும் நல்ல யோசனைதான். டி.என்.ஏ பையன் மட்டும் இரண்டே வரி எழுதியிருந்தான். சம்பாபதிதான் போகணும், முடியாதுன்னு சொன்னது அவங்கதானே, அவர்கிட்டயும் நேர்ல போய்ச் சொல்லணும். போனா கொஞ்ச நேரம் உட்காரணும்.

என் விடைத் திட்டத்தில் இதற்கு இடம் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "யாரு பெத்த புள்ளையோ" என்றார். முழுப் புள்ளி போட்டேன்.